பழைய கார் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியிலிருந்து வரிசையாகக் கோளாறு பார்க்கும் முறை

கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் பழைய மாருதி 800, அம்பாசிடர், மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களிடம் மழை ஆரம்பித்ததும் கேட்கிற முதல் புகார், "காலையில செல்ஃப் எடுக்கல." உடனே பேட்டரியை மாற்றுவார்கள். இரண்டு வாரம் ஓடும், திரும்பவும் அதே கதை. அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுப்பார்கள். கடைசியில் பார்த்தால் இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை துருவேறிக் கிடக்கும்.

இந்தக் கோளாறில் பாகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு. அளந்து பார்க்க வேண்டும். அதையும் சாவியைத் திருப்பி, செல்ஃப் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிக்குள் அளக்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது துருப்பிடித்த கேபிளும் 12 வோல்ட் காட்டும், தேய்ந்த சுவிட்சும் 12 வோல்ட் காட்டும். இழுக்கும்போதுதான் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பது தெரியும். கீழே சொல்லும் வரிசை முழுவதும் இதை வைத்துத்தான் போகிறது. ஒரு படியில் விடை கிடைக்காமல் அடுத்த படிக்குத் தாவ வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். விலை கூடியது தேவையில்லை. 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் கோத்து ஒரு டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். எல்.இ.டி. பல்ப் வேண்டாம், இழை உள்ள பழைய பல்ப்தான் வேண்டும். ஒரு நூலளவு மின்சாரம் வந்தாலும் எல்.இ.டி. எரிந்துவிடும்; இழை பல்புக்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும், அதனால் அது பொய் சொல்லாது.

இவற்றோடு ஸ்பேனர்கள் (அம்பாசிடருக்கு அங்குல அளவு செட் தேவைப்படும்), எமரி தாள், வயர் பிரஷ், சமையல் சோடா, வாஸ்லைன், டிஸ்டில்டு வாட்டர், மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஒரு ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் கருவி). எல்லாவற்றையும் விட முக்கியம், சாவி திருப்ப ஒரு ஆள். தனியாக நின்று கொண்டு இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது.

2. தொடங்கும் முன் பாதுகாப்பு

கியரை நியூட்ரலில் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். மலைப் பக்கம் சமதளம் கிடைப்பது அரிது என்பதால் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். கியரில் நிற்கும் வண்டிக்குச் செல்ஃப் கொடுத்தால், முன்னால் நிற்பவர் மேல் வண்டி பாய்ந்துவிடும்.

மோதிரம், வாட்ச், கையில் போட்ட காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகும். எர்த் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது.

மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடி எர்த்தாக இருக்கும். வண்டி பழசு என்றால், பேட்டரியின் எந்தக் கம்பத்திலிருந்து (டெர்மினல்) பாடிக்கு வயர் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே தொடங்குங்கள். இங்கே நான் சொல்வதெல்லாம் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

3. சாவியைத் திருப்பி, காது கொடுத்துக் கேளுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

சத்தமே இல்லை, லைட்டும் மங்கவில்லை: செல்ஃப் பக்கம் மின்சாரமே போகவில்லை. சாவி சுவிட்ச், அங்கிருந்து சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய வயர், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் இணைப்பு) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

"டக்" என்று ஒரே ஒரு சத்தம், லைட் அப்படியே இருக்கிறது: சொலினாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் சேரவில்லை. சொலினாய்டின் உள் தகடு கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

"டக்", அதோடு லைட் அணைகிற மாதிரி இறங்குகிறது: பேட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பில்லை, அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகி நிற்கிறது.

"டக டக டக" என்று விடாமல் அடிக்கிறது: பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் லூஸ். சொலினாய்டு இழுத்ததும் வோல்ட் சரிகிறது, பிடியை விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இப்படி அடிக்கும்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றாதீர்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது.

"விர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை: பென்டிக்ஸ் (செல்ஃபின் பல்லை இன்ஜினின் ஃப்ளைவீலில் மாட்டிவிடும் பாகம்) போய்விட்டது, அல்லது ஃப்ளைவீல் பல் ஓரிடத்தில் தேய்ந்திருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் வண்டியை ஓரடி தள்ளி, நியூட்ரலுக்கு வந்து மறுபடி முயன்றுபாருங்கள். இப்போது எடுத்தால் பல்தான் கோளாறு.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் நேராக 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

4. பேட்டரி: ஓய்வில் ஒன்று, இழுக்கும்போது ஒன்று

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும், கிளாம்பின் மேல் அல்ல. கிளாம்பில் வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே இருக்கும் கோளாறும் கணக்கில் கலந்துவிடும்.

வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்; அதன்பிறகுதான் மற்ற சோதனை எதற்கும் அர்த்தம் உண்டு. இப்போதுதான் ஓட்டி நிறுத்திய வண்டி என்றால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள்.

மூடி உள்ள பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் சொல்வது இன்னும் நம்பகமானது. ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். 1250-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஐந்து செல் சமமாக இருந்து ஒன்று மட்டும் 50 புள்ளி தாழ்ந்திருந்தால் அந்த செல் செத்துக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏற்றினாலும் திரும்பாது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும்; ஆசிட் ஊற்றுவதும் தவறு. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

இனிதான் முக்கியமான அளவு. பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலின் (பிளக்கில் பொறி வர வோல்ட்டை ஏற்றிக் கொடுப்பது) மெல்லிய வயரைக் கழற்றுங்கள். டீசலில் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது, அதற்காகத்தான். மீட்டர் பேட்டரியிலேயே இருக்கட்டும். சாவியைத் திருப்பச் சொல்லி ஐந்து நொடி பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

வோல்ட் 9.6-க்குக் கீழே, 7, 8 என்று விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. நல்ல பேட்டரியை வைத்துப் பார்த்தும் அப்படியே விழுந்தால் மோட்டாரில் ஷார்ட், அல்லது இன்ஜின் இறுக்கம்.

12-க்கு மேலேயே நின்று, செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரமே வெளியே போகவில்லை. பேட்டரிமேல் குற்றம் இல்லை.

10.5, 11 என்று நின்றும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால், பேட்டரி கொடுக்கிறது, வழியில் எங்கேயோ தொலைகிறது.

"அண்ணே, புதுப் பேட்டரி போட்டும் இப்படித்தான் இருக்கு" என்று தம்பிமார் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான்.

செல்ஃபை ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் கொடுக்காதீர்கள். நடுவே அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். மோட்டார் சில நொடி வேலைக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து சுற்றினால் உள்ளே சால்டர் உருகி ஓடிவிடும்.

5. வழியில் நின்றுவிட்டால்: ஜம்பர் கேபிளும் உருட்டி ஸ்டார்ட் செய்வதும்

ஜம்பர் கேபிளுக்கு வரிசை உண்டு. முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவ், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், அடுத்து நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில். கடைசி முனையைப் பேட்டரியிலேயே மாட்டக் கூடாது. மாட்டும்போது தீப்பொறி வரும்; சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன். பேட்டரி வெடித்து முகத்தில் ஆசிட் அடிக்கும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

லாரியில் கொடுத்து எடுக்க வேண்டாம். பெரிய லாரிகளில் 24 வோல்ட். காரின் மின்சாதனம் அத்தனையும் போய்விடும்.

நல்ல பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, இன்ஜின் ஓடும்போதே அதைக் கழற்றிப் பழைய பேட்டரியை மாட்டும் பழக்கமும் இங்கே உண்டு. அந்த இடைவெளியில் ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) வோல்ட் எகிறி அதன் உள்ளே இருக்கும் டயோடு எரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவில் ஒரு ஜோடி ஜம்பர் கேபிள் வாங்கிவிடலாம்.

உருட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்கள் பலர், இரவில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவார்கள். காலையில் செல்ஃபைத் தொடாமல் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு எடுத்துவிடுவார்கள். அவசரத்துக்குச் சரி. பழக்கமாகிவிட்டால் கோளாறு மறைந்துகொண்டே வளரும். இன்ஜின் ஓடாத நேரத்தில் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் கல்லாகிவிடும். சாவி ஆஃபில் இருந்தால் ஸ்டியரிங் லாக்கும் விழும். குமுளி மலைச்சாலை மாதிரி வளைவுகள் உள்ள இடத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு அப்படி உருட்டவே கூடாது.

6. டெர்மினல் சுத்தம்

இது சின்ன வேலை, ஆனால் அடுத்த பகுதியின் அளவுகளை எடுக்கும் முன் செய்துவிட வேண்டும். கம்பத்தைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் கழுவித் துடையுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகாமல் மூடிகளை இறுக்கியிருக்க வேண்டும், போனால் ஆசிட் முறிந்துவிடும். கம்பத்தையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் ஈயம் பளிச்சிடும் வரை எமரி தாளால் தேயுங்கள்.

மாட்டி இறுக்கிய பிறகுதான் மேலே வாஸ்லைன். தடவிவிட்டு மாட்டுவது தவறு. இறுக்கிய கிளாம்பு கையால் திருகினால் அசையவே கூடாது. அசைந்தால் சிலர் நடுவே ஆணியோ தகரத் துண்டோ சொருகுவார்கள். இரும்பும் ஈயமும் ஆசிட் ஈரத்தில் சேர்ந்து அரிக்கும். தளர்ந்த கிளாம்பைத் தூக்கிப்போட்டுப் புதிது போடுங்கள்.

7. வோல்ட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பது

இந்தப் பகுதியைக் கற்றுக்கொண்டால் பாதி ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆகிவிட்ட மாதிரிதான். நிதானமாகப் படியுங்கள்.

பலர் கேபிளின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து "பீப்" சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கேபிள் நல்லது என்று முடிவுகட்டுவார்கள். செல்ஃப் சுற்றும்போது சின்ன பெட்ரோல் காரே 100, 150 ஆம்பியர் இழுக்கும். டீசல் ஜீப் இன்னும் அதிகம். கேபிள் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 150 ஆம்பியர் போகும்போது அங்கேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டரால் பார்க்கவே முடியாது, பூஜ்யம் என்றுதான் காட்டும், பீப் அடிக்கும். நூறு இழையில் பத்து இழை மட்டும் மிஞ்சிய கேபிளும் பீப் அடிக்கும்.

ஆகவே வோல்ட்டில் அளக்க வேண்டும். காயில் வயர் கழன்றபடியே இருக்கட்டும். ஒவ்வொரு அளவும் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மட்டும்.

பாசிட்டிவ் பக்கம்: சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், கறுப்பு முனை செல்ஃபின் சொலினாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டில். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் அந்தக் கேபிளிலோ அதன் இரு முனையிலோ கோளாறு.

எர்த் பக்கம்: சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில். இங்கேயும் 0.2, 0.3 வரைதான். கூடினால் இரண்டாகப் பிரியுங்கள்: பேட்டரியிலிருந்து பாடி வரை ஒரு அளவு, பாடியிலிருந்து இன்ஜின் வரை இன்னொரு அளவு. எதில் வோல்ட் தெரிகிறதோ அந்தப் பட்டைதான் குற்றவாளி.

சொலினாய்டு: அதன் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே. ஓய்வில் 12 வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம், அது திறந்த சுவிட்ச். சாவியைத் திருப்பியதும் 0.3-க்குக் கீழே விழ வேண்டும். ஒன்று, இரண்டு என்று நின்றால் உள்ளே செம்புத் தகடு கருகியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. செல்ஃப் துளியும் இழுக்காவிட்டால் இந்த அளவுகளில் பல பூஜ்யமாகத்தான் வரும். மின்சாரம் ஓடாத இடத்தில் வோல்ட் தொலையாது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து "கேபிள் நல்லது" என்று சொல்லிவிடக் கூடாது. அப்போது அடுத்த பகுதிக்குப் போய், சொலினாய்டு இழுக்கும்படி செய்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

எர்த் பட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் நடுவே மின்சாரம் போக அந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான் வழி. இன்ஜின் வேலைக்குக் கழற்றிய மெக்கானிக் அதைத் திரும்ப மாட்ட மறப்பது சாதாரணம். பட்டை இல்லையென்றால் மின்சாரம் வேறு வழி தேடும்: ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள். செல்ஃப் கொடுத்ததும் சோக் கேபிளின் பிளாஸ்டிக் உறை மினுமினுத்து, நெளிந்து, மெல்லிய புகை விடுவதைப் பார்த்தால் வேறு சோதனையே வேண்டாம். எர்த் பட்டையைப் பாருங்கள்.

கேபிளை வெளியே பார்த்து நம்பாதீர்கள். லக்கை (கேபிள் முனையில் உள்ள உலோகக் காது) ஒட்டி ரப்பரை ஓரங்குலம் சீவிப் பாருங்கள். நல்ல செம்பு பளபளவென்று இருக்கும். கெட்டதில் பச்சைக் களிம்பு மாவு மாதிரி உதிரும், இழைகள் தொட்டாலே ஒடியும். மழைக்காலம் முழுக்க ஈரத்தில் நிற்கும் கேரளப் பக்கத்து வண்டிகளில் இந்தக் களிம்பு லக்கிலிருந்து ஒரு சாண் வரைகூட உள்ளே ஏறியிருக்கும். புதுக் கேபிளை அதே தடிமனில் வாங்குங்கள். லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டவைக்காமல், கிரிம்ப் மிஷினில் அழுத்தித் தரும் கடையில் கொடுங்கள்.

8. சாவியிலிருந்து சொலினாய்டு வரை, அப்புறம் மோட்டார்

சொலினாய்டில் பெரிய போல்ட்டுகளைத் தவிர ஒரு மெல்லிய வயர் வரும். அந்த முனைக்கு 50 என்று எண் போட்டிருக்கலாம். சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போது அதற்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே எவ்வளவு வருகிறது? 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சொலினாய்டு இழுக்காவிட்டால் சொலினாய்டு காயில் போயிருக்கிறது. 7, 8 என்று வந்தால் சாவி சுவிட்சிலோ கப்ளரிலோ தேய்மானம். ஒன்றுமே வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. இங்கே எலியும் ஒரு காரணம். தோட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே கட்டாயம் பாருங்கள்.

உறுதிசெய்ய, நியூட்ரலில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை அந்த 50 முனையில் தொடுங்கள். செல்ஃப் ஜோராகச் சுற்றினால் மோட்டார் நல்லது, சாவிப் பக்கம்தான் கோளாறு.

ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பெரிய போல்ட் இரண்டையும் சேர்த்துத் தட்டுவதை ஊரெல்லாம் பார்க்கலாம். சொலினாய்டு மோட்டாரோடு சேர்ந்த வண்டிகளில் அப்படிச் செய்தால் மோட்டார் மட்டும் சுற்றும், பல் ஃப்ளைவீலில் மாட்டாது. சோதனையாகவும் அது பயன்படாது; வரும் தீப்பொறியோ பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில்.

சாவி சுவிட்ச் தேய்ந்த பழைய வண்டிக்கு நான் சொல்வது ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறக்கும் சுவிட்ச்). சாவியிலிருந்து வரும் ஸ்டார்ட் வயரை ரிலேயின் 86-இல் கொடுங்கள். 85 எர்த். பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30-க்கு ஒரு தடித்த வயர். 87-இலிருந்து சொலினாய்டின் 50-க்கு. இனி சாவி சுவிட்சில் சுமை இல்லை, சொலினாய்டுக்கு முழு வோல்ட் போகும். சுவிட்சை மாற்றினாலும் ரிலேயைப் போட்டுவிடுங்கள், புதுச் சுவிட்ச் நீண்ட நாள் வரும்.

கேபிள், எர்த், 50 முனை மூன்றும் சரியாக இருந்தும் செல்ஃப் எடுக்காவிட்டால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஒரு சோதனை: சாவியைத் திருப்பியிருக்கும்போது மோட்டார் உடம்பை மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். உடனே சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டி ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று நினைக்காதீர்கள், அடுத்த வாரம் தட்டினாலும் எடுக்காது.

பேட்டரி எர்த்தைக் கழற்றிய பிறகே மோட்டாரில் ஸ்பேனர் வைக்க வேண்டும். அந்தப் பெரிய போல்ட்டில் எந்நேரமும் பேட்டரி இருக்கிறது, ஃப்யூஸும் கிடையாது. பட்டறையில் பிரஷ் மட்டும் மாற்றி வாங்கிவிடாமல் தண்டைத் தாங்கும் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் தேய்ந்தால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் சாய்ந்து உள்சுவரில் உரசும். காலையில் எடுக்கும், வண்டி சூடானதும் எடுக்காது என்று வரும் புகாருக்கு இது ஒரு பெரிய காரணம்.

9. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

கழற்றிய காயில் வயரைத் திரும்ப மாட்டிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

கார்புரேட்டர் பெட்ரோல் வண்டியில் முதல் கேள்வி ஸ்பார்க். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜினில் படும்படி வைத்து செல்ஃப் கொடுங்கள். பிளக் இருந்த துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி அடிக்கும். நீலமாகப் பளிச்சென்று பொறி வர வேண்டும். ஒன்றுக்கு மேல் வயரைக் கழற்றுவதானால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். மாருதி 800-இல் வெடிப்பு வரிசை 1-3-2, அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினில் 1-3-4-2. மாற்றி மாட்டிவிட்டால் புதுக் கோளாறு ஒன்று சேர்ந்துவிடும்.

பொறி இல்லையென்றால் சாவி ஆனில் காயில் பாசிட்டிவில் வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால், பாயின்ட் (காயிலின் மின்சாரத்தைச் சேர்த்துச் சேர்த்து அறுக்கும் தொடுமுனை) உள்ள வண்டியில் காயில் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை வைத்து செல்ஃப் கொடுங்கள். மினுக் மினுக் என்று எரிந்து அணைந்தால் பாயின்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே நின்றால் பாயின்ட் மூடவில்லை அல்லது கருகியிருக்கிறது. எரியவே இல்லையென்றால் திறக்கவில்லை, அல்லது கன்டென்சர் ஷார்ட், அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது. பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ.

காயிலில் எல்லாம் சரி, பிளக்கில் மட்டும் பொறி இல்லை என்றால், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கத்தில் பென்சில் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல், பொறி அந்த வழியாகவே எர்த்துக்கு ஓடுகிறது. போடிமெட்டு, குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் பனிமூட்டத்தில் இரவு முழுக்க நின்ற வண்டியில் கோடே இல்லாமல் வெறும் ஈரத்தாலும் இது நடக்கும். உலர்ந்த துணியால் மூடியையும் உள்ளே சுற்றும் ரோட்டாரையும் துடைத்தாலே எடுத்துவிடும். தினமும் துடைக்க வேண்டியிருந்தால் மூடியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மஞ்சளாக, மெலிந்த பொறி வந்தால் 4-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 8 வோல்ட்டுக்கு விழுந்தால் காயிலுக்கும் அதே 8 வோல்ட்தான் கிடைக்கும்.

இன்ஜெக்ஷன் வந்த பிந்தைய மாருதி 800 என்றால், சாவி ஆன் செய்ததும் டேங்க் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி "உய்ங்" என்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்ப் ஃப்யூஸ், ரிலே பாருங்கள். இந்த வண்டிகளில் பிளக் மாட்டாமல் வயரை அந்தரத்தில் விட்டு செல்ஃப் கொடுக்க வேண்டாம், இக்னிஷன் பாகம் எரியும்.

ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வண்டியில், ஒவ்வொன்றின் வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாகப் பிளக் முனையைத் தொடுங்கள். லேம்ப் எரிந்தால் பிளக் நல்லது.

10. எடுத்துவிட்டது, சார்ஜ் ஆகிறதா?

இதைப் பார்க்காமல் பானெட்டை மூடாதீர்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து, பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வருகிறதா பாருங்கள். ஹெட்லைட் போட்டாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 15 தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள், அப்புறம் சாவி ஆனில் மீட்டர் போர்டில் சிவப்புப் பேட்டரி விளக்கு எரிகிறதா பாருங்கள். பல வண்டிகளில் அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. அந்த பல்ப் எரிந்துபோனதால் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள பழைய வண்டி ஐடிலில் சார்ஜ் ஏற்றாது, அது கோளாறு அல்ல; வேகம் கூட்டியும் ஏறாவிட்டால்தான் டைனமோ, கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) பக்கம் போக வேண்டும்.

11. நின்றிருக்கும்போதே இறங்கும் பேட்டரி

சார்ஜும் சரி, பேட்டரியும் சரி, நான்கு நாள் நிறுத்தினால் மட்டும் எடுக்கவில்லை என்றால் கசிவு பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, கதவை மூடுங்கள். பேட்டரி எர்த் வயரைக் கழற்றி, அதற்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துச் சேருங்கள். இந்த நிலையில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃபின் மின்சாரம் மீட்டர் வழியாகப் பாய்ந்து உள்ளே எரித்துவிடும்.

0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 0.2 என்று காட்டினால் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் அவர், நான்கு நாளில் 19. மாருதி 800-இல் போடும் 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. முதலில் சந்தேகப்பட வேண்டியவை பின்னால் சேர்த்த பாட்டு செட், ஃபாக் லேம்ப், கூடுதல் ஹாரன். டேப் சுற்றி இணைத்த வயர்கள் அங்கேதான் இருக்கும். எல்லா ஃப்யூஸையும் உருவியும் எண் குறையாவிட்டால், எர்த்தைக் கழற்றியபடி ஆல்டர்னேட்டரின் தடித்த வயரையும் கழற்றி, அதன் முனையில் டேப் சுற்றி எதிலும் படாமல் ஒதுக்கிவிட்டு, மறுபடி அளவெடுங்கள். இப்போது விழுந்தால் டயோடு கசிகிறது. ஆல்டர்னேட்டரைப் பட்டறைக்குக் கொடுக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள்.